உலாவியில் பிடிஎஃப் கோப்புகளைப் பார்ப்பதும் கையாள்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கல்குளம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருவோர் நகல் எடுக்க ஏறும் கணினி மையங்களுள் ஒன்று என்னுடையது. பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், தேர்வு நுழைவுச்சீட்டு என்று இங்கே வருவோர் கேட்கும் தாள் ஒவ்வொன்றும் இப்போது பிடிஎஃப் கோப்பாகத்தான் இணையத்திலிருந்து வருகிறது. அது திரையில் தெரிந்துவிட்டாலே கைக்கு வந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். “மக்களே, நேத்து இதே கடையில பார்த்தேன், இப்ப காணல்லியே” என்று கைப்பேசியை நீட்டும் பெரியவர்களை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். பேருந்து ஏறி வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காகவே, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விரிவாக விடை எழுதியிருக்கிறேன்.

பிடிஎஃப் பார்ப்பதற்குத் தனியாக மென்பொருள் நிறுவ வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாக ஆனது. அதைத் திறந்து காட்டும் மென்பொருளை எவரும் எழுதலாம் என்ற நிலை உறுதிப்பட்டது. முன்பெல்லாம் உலாவிக்குள் அடோபி ரீடரின் செருகுநிரல் ஒன்று உட்கார்ந்துகொண்டு பிடிஎஃபைக் காட்டும். அத்தகைய செருகுநிரல்கள் வழியாகக் கணினிக்குள் நச்சுநிரல்கள் புகுந்ததாலும், அவை அடிக்கடி உலாவியையே முடக்கியதாலும், குரோம் 2015-இலும் பயர்பாக்ஸ் 2017-இலும் அவற்றை ஏற்பதை நிறுத்திவிட்டன. இன்று குரோமுக்குள் பிடிஎஃபியம் என்ற நிரலும், பயர்பாக்ஸுக்குள் 2013 முதல் பிடிஎஃப்.ஜேஎஸ் என்ற நிரலும் இந்த வேலையைச் செய்கின்றன. எட்ஜ், சஃபாரி ஆகியவற்றுக்கும் சொந்த வசதி உண்டு.

அடோபி ரீடர் தேவைப்படும் இடங்கள் இரண்டு: மின்கையொப்பத்தைச் சரிபார்ப்பது, சில வெளிநாட்டு விண்ணப்பப் படிவங்களை நிரப்புவது. இரண்டையும் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தளத்தில் பிடிஎஃப் அப்படியே திறக்கிறது. இன்னொரு தளத்தில் திறக்காமல் பதிவிறங்கிவிடுகிறது. ஏன்?

இதைத் தீர்மானிப்பவர்கள் மூவர். அவர்களுள் யார் காரணம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, கோப்பை அனுப்பும் வழங்கி, அதாவது தளத்தின் கணினி (சர்வர்). கோப்போடு சேர்த்து அது சில குறிப்புகளை உலாவிக்கு அனுப்புகிறது. ‘இது பிடிஎஃப், பக்கத்துக்குள்ளேயே காட்டலாம்’ என்று குறிப்பு வந்தால் உலாவி காட்டும். ‘இது இணைப்பு, சேமித்துக்கொள்’ என்று வந்தால் பதிவிறக்கும். சில தளங்கள் ‘இது ஏதோ ஒரு கோப்பு’ என்று மட்டும் பொதுவாகச் சொல்லி அனுப்பும். அப்போதும் உலாவி பதிவிறக்கத்தான் செய்யும். இந்த மூன்றாம் வகையில் உங்கள் கணினியில் எந்தக் குறையும் இல்லை, நீங்கள் மாற்றக்கூடியதும் ஒன்றுமில்லை. இறங்கிய கோப்பைத் திறந்துகொள்வதே வழி.

இரண்டாவது, உங்கள் உலாவியின் அமைப்பு. எப்போதோ ஒருமுறை ‘எப்போதும் பதிவிறக்கு’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், அது நினைவில் நிற்கும்.

மூன்றாவது, இடையில் புகும் நிரல்கள். படங்களையும் பாடல்களையும் வேகமாக இறக்குவதற்காக நிறுவிய பதிவிறக்க மேலாளர்கள் பிடிஎஃபையும் பறித்துக்கொள்கின்றன. பிடிஎஃபைத் திருத்தித் தருவதாகச் சொல்லி உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்களான நீட்சிகளும் அப்படியே செய்கின்றன. ‘இன்காக்னிட்டோ’ எனப்படும் மறைநிலைச் சாளரத்தில் அதே இணைப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் தனியாக அனுமதிக்காதவரை நீட்சிகள் அங்கே இயங்குவதில்லை என்பதால், அங்கே கோப்பு ஒழுங்காகத் திறந்தால் நீட்சிதான் காரணம் என்று முடிவு செய்யலாம்.

பொத்தானை அழுத்தினேன், எதுவுமே வரவில்லை.

முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். புதிய சாளரத்தில் சான்றிதழைத் திறக்கும் அரசுத் தளங்கள் பல உண்டு. அந்தச் சாளரத்தை விளம்பரம் என்று எண்ணி உலாவி தடுத்திருக்கும், அதற்கான சிறிய குறியும் அங்கே தெரியும். அதைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக அனுமதி கொடுக்க வேண்டாம்.

இந்த அமைப்பை எங்கே மாற்றுவது?

குரோமில் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதன் அடியில் கூடுதல் அமைப்புகளை விரித்தால் ‘பிடிஎஃப் டாக்குமெண்ட்ஸ்’ என்ற வரி வரும். குரோமிலேயே திறப்பதா, பதிவிறக்குவதா என்று இரண்டே தேர்வுகள்தாம். எட்ஜில் தள அனுமதிகளுக்குள் இதே பெயரில் ஒரு வரியும், எப்போதும் பதிவிறக்குவதற்கான ஒரு சுவிட்சும் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவதால், அமைப்புப் பக்கத்தின் தேடல் பெட்டியில் பிடிஎஃப் என்பதற்குரிய மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுவதே எளிது.

பயர்பாக்ஸில் ‘ஜெனரல்’ பகுதியில் கீழே இறங்கினால் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற பட்டியல் இருக்கும். அதில் பிடிஎஃப் வரிக்கு எதிரே, பயர்பாக்ஸிலேயே திற, ஒவ்வொரு முறையும் கேள், சேமி, வேறு மென்பொருளில் திற என்று தேர்ந்தெடுக்கலாம். ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்பது எனக்குப் பிடித்த அமைப்பு. ஒரு சொடுக்குக் கூடுதல்தான். ஆனால் கோப்பு எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை.

கணினியில் சேமித்த பிடிஎஃபைச் சொடுக்கினால் எப்போதும் எட்ஜ்தான் திறக்கிறது.

இது உலாவியின் அமைப்பன்று, விண்டோஸின் அமைப்பு. கோப்பின் மேல் வலது சொடுக்கிட்டு ‘ஓப்பன் வித்’ என்பதில் வேறு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதையே பயன்படுத்தச் சொல்லும் தேர்வைக் குறித்துவிடுங்கள்.

கடையிலோ அலுவலகத்திலோ பொதுக் கணினியைப் பயன்படுத்தும்போது எது பாதுகாப்பு: பார்ப்பதா, பதிவிறக்குவதா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரு கடையின் கணினியில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்து பாருங்கள். முந்தைய நாள் வந்தவரின் ஆதார், அதற்கு முந்தைய நாள் வந்தவரின் வங்கி அறிக்கை, யாரோ ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ் என்று வரிசையாக இருக்கும். எடுத்துக்கொள்ள நினைப்பவருக்குக் கடவுச்சொல்கூடத் தேவையில்லை.

மறைநிலைச் சாளரம் இதற்குத் தீர்வு என்று பலர் நம்புகிறார்கள். மறைநிலையில் பார்த்த பக்கங்களின் வரலாறு அழியும், உள்நுழைவு நீங்கும். ஆனால் பதிவிறக்கிய கோப்பு அழியாது. அது கோப்புறையிலேயே கிடக்கும். ஆகவே பொதுக் கணினியில், உலாவியிலேயே திறந்து பார்த்து, அங்கிருந்தே அச்சிட்டு, சாளரத்தை மூடுவதே நல்லது. கோப்பு வேண்டுமென்றால் உங்கள் பென் டிரைவுக்கு நேரடியாகச் சேமியுங்கள். பயர்பாக்ஸில் ஒரு நுட்பம் உண்டு: 2022-இல் வந்த 98-ஆம் பதிப்பு முதல், வழங்கி ‘இணைப்பு’ என்று அனுப்பும் பிடிஎஃபைத் திறந்து மட்டும் பார்த்தாலும் அதன் பிரதி ஒன்று பதிவிறக்கக் கோப்புறையில் சேர்ந்துவிடும்.

இறங்கிய கோப்பை அழிக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுங்கள். இல்லாவிட்டால் அது குப்பைத்தொட்டியில் காத்திருக்கும். என் மையத்தில் மாலை கடை பூட்டுமுன் அந்தக் கோப்புறையைக் காலி செய்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். நீங்கள் போகும் கடையில் அப்படிச் செய்கிறார்களா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்கிறது. ஒருமுறை வரும் எண்ணைப் போட்டாலும் திறக்கவில்லை.

கைப்பேசிக்கு வரும் எண் பதிவிறக்குவதற்கு மட்டுமே. கோப்பின் கடவுச்சொல் வேறு: ஆதாரில் உள்ளபடி உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து நான்கு இலக்கப் பிறந்த ஆண்டு. பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தும் புள்ளியும் அச்சாகியிருந்தால் அவையும் அந்த நான்கில் சேரும், இடைவெளி சேராது. நம் மாவட்டத்தில் தலைப்பெழுத்தை முன்னால் எழுதுவோர் மிகுதி என்பதால் இந்தப் புள்ளியில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கடவுச்சொல்லை நீக்கித் தரும்படி சிலர் கேட்பதுண்டு. திறந்த கோப்பை மீண்டும் பிடிஎஃபாக அச்சிட்டால் பூட்டில்லாத பிரதி கிடைக்கும். அதே வேளையில் அதன் மின்கையொப்பமும் போய்விடும். முகம் தெரியாத தளங்களில் ஆதாரை ஏற்றிப் பூட்டு நீக்குவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள்.

சான்றிதழில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி வருகிறது. போலியா?

போலி என்று பொருளில்லை. ‘இந்தக் கையொப்பத்தை நம்பலாமா என்று எனக்கு இன்னும் சொல்லப்படவில்லை’ என்று கணினி கூறுகிறது. குரோம் போன்ற உலாவிகள் மின்கையொப்பத்தைச் சரிபார்ப்பதே இல்லை. அவற்றில் அந்தக் குறி ஒரு படமாகத்தான் தெரியும். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய கோப்பை, இணைய இணைப்போடு அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் வலது சொடுக்கிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு கையொப்பப் பண்புகளுக்குள் போய், கையொப்பமிட்டவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லி, ‘டிரஸ்ட்’ என்ற தாவலில் அதை நம்பகமானவர் பட்டியலில் சேர்த்தால், மறுமுறை சரிபார்க்கும்போது பச்சைக் குறி வரும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. உலாவியில் திறந்த சான்றிதழைச் சேமிக்க, கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தாமல், அச்சுச் சாளரத்துக்குப் போய் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ கொடுக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது மூலக் கோப்பு, இரண்டாவது அதன் நிழல். கையொப்பம் அதில் இராது. மின்னஞ்சலில் அனுப்ப வேண்டியது மூலக் கோப்பையே.

நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை அச்சிட்டால் அளவு சரியாக இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

இதைப் பற்றிச் சற்று நிறுத்தி எழுத விரும்புகிறேன். வேலி பற்றிய சண்டைக்கு இது காரணமாவதைப் பார்த்தவன் நான். உலாவியின் அச்சுச் சாளரத்தில் தாளுக்குப் பொருந்தும்படி படத்தைச் சுருக்கும் தேர்வு ஒன்று உண்டு. கடிதத்துக்கும் ரசீதுக்கும் அது நல்லது. அளவுகோலின்படி வரைந்த படத்துக்கு அது கேடு.

1:1000 என்ற அளவில் வரைந்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 10 மீட்டர். 40 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் தாளில் 4 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டராக விழ வேண்டும். தாளின் ஓரத்துக்காக உலாவி அதை 94 விழுக்காடாகச் சுருக்கினால் நீளம் 3.76 சென்டிமீட்டராகிவிடும், அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் 37.6 மீட்டர் என்று படிப்பார். இரு பக்கமும் சுருங்குவதால் ஏறக்குறைய 9.9 சென்ட் நிலம் 8.7 சென்டாகக் காட்சி தரும். ஒரு சென்டுக்கு மேல் காணாமற்போய்விட்டது என்று அண்டை வீட்டார் மேல் ஐயம் பிறக்க இது போதாதா?

கடை தொடங்கிய புதிதில் நானே இப்படி ஒரு படத்தைச் சுருக்கி அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளில் அளந்து பார்த்துத் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கல் தேடப் போன ஒரு தாத்தா மறுநாள் திரும்பி வந்து நின்றது இன்னும் மனதில் உறுத்துகிறது. அன்று முதல் இந்த வகைப் படங்களுக்கு அளவைத் தானாகத் தீர்மானிக்க விடாமல், ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் ‘கஸ்டம்’ தேர்ந்து 100 என்று கையால் இடுகிறேன். அச்சான பிறகு, படத்தில் அளவுக்கோடு இருந்தால் அதை ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கிறேன். தாள் போதாவிட்டால் பெரிய தாளில் எடுக்க வேண்டும். படத்தைச் சுருக்கக் கூடாது. பக்கங்களின் மேல் எண்ணால் எழுதியுள்ள நீளங்கள் இருந்தால் அவற்றையே நம்புங்கள். எல்லையை முடிவு செய்ய வேண்டியது நில அளவர், அச்சுத்தாள் அன்று.

பிடிஎஃபில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறதே?

கண்ணுக்குத் தெரிவது எழுத்தின் வடிவம். தேடல் பார்ப்பது அதன் பின்னாலுள்ள குறியீடு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்பதற்கு முன்பும் அதற்குப் பின் சில காலமும், வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஏராளமான ஆவணங்கள் தட்டச்சாயின. அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள். பாமினியில் ‘அம்மா’ என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாக விழும். இவற்றை எழுத்துரு மாற்றிகளில் இட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம்.

யூனிகோடில் தட்டிய கோப்பிலும் தொல்லை உண்டு. சில மென்பொருள்கள் பிடிஎஃபை உருவாக்கும்போது, எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கிவிடுகின்றன. ‘சே’ என்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறதல்லவா, கோப்பிலும் கொம்பு முதலில், சகரம் பிறகு என்று பதிந்துவிடும். நீங்கள் ‘குலசேகரம்’ என்று தட்டும்போது சகரம் முதலில் போகிறது, இரண்டும் பொருந்துவதில்லை. கொம்பில்லாத பகுதியை மட்டும் தேடுங்கள். ‘கரம்’ என்று கொடுத்தால் குலசேகரம் அகப்படும். நாகர்கோவிலுக்கு ‘நாகர்’ போதும். வேண்டாத சொற்களும் சில சேர்ந்து வரும். நூறு பக்க வாக்காளர் பட்டியலைக் கண்ணால் துழாவுவதைவிட அது மேல்.

பாட்டன் காலத்துப் பிரமாணத்தை (நிலப் பத்திரத்தை) ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அதில் தேடவே முடியாதா?

அது பிடிஎஃப் உறைக்குள் இருக்கும் புகைப்படம். அதில் எழுத்தென்று ஒன்றும் கணினிக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்ததால், பழைய பிரமாணங்களுள் மலையாளத்தில் கையால் எழுதியவை நிறைய. எழுத்துணரி மென்பொருள்கள் அச்செழுத்தை ஓரளவு படிக்கும். எண்பது ஆண்டுக்கு முந்தைய கையெழுத்தை நம்பி விடமுடியாது. மலையாளம் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரைக் கொண்டு, புல எண்ணையும் பெயர்களையும் எழுதி வாங்கி, அவற்றைக் கோப்பின் பெயராகவே வைத்துவிடுங்கள்.

கைப்பேசியில் பார்த்த பிடிஎஃப் பிறகு காணவில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோம் பெரும்பாலும் பிடிஎஃபைப் பதிவிறக்கி, டிரைவ் போன்ற வேறு செயலியில் திறக்கும். புதிய கைப்பேசிகள் சிலவற்றில் குரோமுக்குள்ளேயே திறக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான பயர்பாக்ஸ் 2023 முதல் தானே காட்டுகிறது. ஆகவே ஒரே இணைப்பு அண்ணன் கைப்பேசியில் ஒருவிதமாகவும் தங்கை கைப்பேசியில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். கோப்பு இருக்கிறதா என்று அறிய, கைப்பேசியின் ‘ஃபைல்ஸ்’ செயலியில் பதிவிறக்கங்களைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் நீங்கள் பார்த்தீர்கள், சேமிக்கவில்லை. ஐபோனில் சஃபாரி திறந்து காட்டும். பகிர்வுக் குறியை அழுத்தி ‘சேவ் டு ஃபைல்ஸ்’ கொடுத்தால்தான் கையிருப்பாகும்.

இணையம் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஆவணங்களைத் தளத்திலேயே விட்டுவைக்காதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் தொடர்பும் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் சாதாரண நாளிலேயே சமிக்ஞை கிடைப்பது அரிது.

வெளிநாட்டு விசாப் படிவம் திறந்தால் ‘காத்திருக்கவும்’ என்ற செய்தி மட்டும் வருகிறது.

செவிலியர் வேலைக்கும் படிப்புக்கும் கனடா போகும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். அந்தப் படிவங்களுள் சில எக்ஸ்எஃப்ஏ என்ற தனி வகையில் அமைந்தவை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குரோம் போன்ற உலாவிகளில் சரியாக வாரா. கோப்பை முதலில் சேமித்து, கணினியில் அடோபி ரீடரில் திறந்து நிரப்புங்கள். கைப்பேசியில் முயல வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃபைத் திறக்கலாமா?

தெரிந்தவர் அனுப்பிய உண்மையான பிடிஎஃப் என்றால் திறக்கலாம். உலாவி அதைத் தனிச் சிறையில் வைத்துத்தான் காட்டுகிறது. அஞ்ச வேண்டியது பிடிஎஃப் போல வேடமிட்ட கோப்பைக் கண்டு. கல்யாண அழைப்பிதழ், வாகன அபராதச் சலான் என்ற பெயர்களில், கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகள் வருகின்றன. பெயரின் கடைசி எழுத்துகளைப் படியுங்கள். நிறுவ அனுமதி கேட்டால் அது ஆவணமே இல்லை. எந்தப் பிடிஎஃபும் தன்னை நிறுவச் சொல்லாது.

கண் சரியாகத் தெரியாத அம்மாவுக்குப் படித்துக்காட்ட வழி உண்டா?

உண்டு. கணினியில் எட்ஜில் பிடிஎஃபைத் திறந்து ‘ரீட் அலவுட்’ பொத்தானை அழுத்தினால் அது உரக்கப் படிக்கும். குரல் தேர்வில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்ற இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்த கோப்பையும் பழைய எழுத்துருக் கோப்பையும் அதனால் ஒழுங்காகப் படிக்க முடியாது.

ஒரே கோப்பு (1), (2), (3) என்று பெருகிக்கொண்டே போகிறது. எது சரியானது?

அதே பெயரில் மீண்டும் இறக்கும்போது பழையதை அழித்துவிடாமலிருக்க உலாவி இப்படி எண் இடுகிறது. எண் பெரியதாக இருப்பதால் அதுதான் புதியது என்று கொள்ள முடியாது. இடையில் ஒன்றை அழித்திருந்தால் அந்த எண் மறுபடி வந்துவிடும். கோப்புறையை நாள்வாரியாக அடுக்கிப் பாருங்கள். வில்லங்கச் சான்றில் இது மிக முக்கியம்: கடனுக்காக வங்கிக்குப் போகும் ஒருவர் பழைய தேதியிட்ட சான்றை அச்சிட்டு எடுத்துப்போனால், அன்றைய நாள் வீண். இறங்கியவுடனேயே பெயரை மாற்றிவிடுவது நல்லது. நான் வைக்கும் முறை: ஊர், புல எண், ஆவணத்தின் பெயர், இறக்கிய நாள். ‘திருவட்டார்-பட்டா’ என்று மட்டும் வைத்தால் அடுத்த மாதமே குழப்பம் வந்துவிடும். நாளையும் சேர்த்து எழுதுங்கள்.